பொன்னாடையும் புத்தகமும்

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழராகிய நாம் தமிழை வணங்குகிறோம், தமிழை வாழ்த்துகிறோம், தமிழுக்கு விழா எடுக்கிறோம், ஆனால் தமிழைப் படிப்பதில்லை. கசப்பான இவ்வாக்கியத்தை ஒரு விழா மலரில் எழுத நேர்வது மகிழ்ச்சி தருவதன்று. ஆயினும் நம்மவர் வீடுகளுக்குத் தவறாமல் சென்று சேரும் தமிழ் ஏடு பெரும்பாலும் விழா மலர் ஒன்றாகவே இருப்பதால், சொல்ல வேண்டியதை இங்கேதான் சொல்லியாக வேண்டும்.

சென்ற கோடையில், மே மாதம் 15ஆம் நாள் தொடங்கி ஒரு திங்கள் காலம், ஒரு நெறியை வகுத்துக்கொண்டு படித்தேன். தமிழ் மண்ணை விட்டு வெளியேறிய தமிழரின் வாழ்வையோ, அவர்தம் கண் கொண்டு பார்த்த தமிழ் மண்ணையோ சொல்லும் கதைகளையன்றி வேறெதையும் தொடுவதில்லை என்பதே அந்நெறி. தில்லியில் அது அனற்காற்று வீசும் பருவம். பள்ளிகள் மூடிக் கிடக்கும். ஊருக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள். பயணச்சீட்டுக் கிடைக்காதவர்கள் நண்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, கூலரின் இரைச்சலுக்குள் அடங்கிவிடுவார்கள். படிப்பதற்கு இதனினும் ஏற்ற காலம் தில்லி வாழ்க்கையில் வேறில்லை. நாள்தோறும் ஐம்பது பக்கங்களுக்குக் குறையாமல் படித்ததில் ஆறு நாவல்களும் ஒரு சிறுகதைத் தொகுப்பும் அம்மாதத்தில் முடிந்தன. அவற்றுக்கு மதிப்புரை எழுதுவது என் நோக்கமன்று. அவற்றைப் படித்து முடித்தபோது எழுந்த ஒரு கேள்வியை உங்கள் முன் வைப்பதே நோக்கம். நம்மைப் பற்றி இத்துணை எழுதப்பட்டிருந்தும் நாம் ஏன் அதைப் படிக்காமல் இருக்கிறோம்?

பாலையின் வழிவந்தவை

நம் விழா மேடைகளில் சங்க இலக்கியத்தின் பெருமை முழங்காத ஆண்டில்லை. கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற ஓரடி, வரவேற்புரையில் ஒரு முறையும் நன்றியுரையில் ஒரு முறையும் தவறாமல் ஒலிக்கும். எல்லா ஊரையும் தம் ஊராக நினைத்த அப்புலவரின் பெயரைச் சொல்லிவிட்டு, மறுநாளே, தமிழர் மட்டும் குடியிருக்கும் தெருவில் வீடு கிடைக்குமா என்று விசாரிக்கத் தொடங்குவோம். அது கிடக்கட்டும். அச்சங்க இலக்கியம் நம்மைப் போன்றோருக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தோமா?

அகநானூற்றின் 400 பாடல்களில் 200 பாடல்கள் பாலைத்திணைக்கு உரியவை. ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும் பாலையே. பாலை என்பது பிரிவு. பொருள் தேடும் பொருட்டு வீட்டையும் ஊரையும் விட்டுச் செல்லும் பிரிவைத் தனித்துறையாகவே வகுத்தவர்கள் நம் முன்னோர். அத்திணைக்கு அவர்கள் குறித்த பொழுதுகளுள் முதன்மையானது வேனில். நாளில் அதற்குரிய வேளை நண்பகல். வேங்கடத்துக்கு அப்பால், மொழி வேறாகிவிடும் நாடுகளுக்குச் சென்றுவிட்டவனை எண்ணி வருந்தும் பெண்ணை மாமூலனார் பாடியிருக்கிறார். பாடலிபுரத்து நந்தரின் செல்வம் கங்கையின் அடியில் மறைந்த செய்தியும் அவர் பாடலில் வருகிறது. வடதிசையில் வயிறு வளர்க்கும் நமக்கு இதைவிட நெருங்கிய இலக்கியம் எது?

அக்காலத்துக் கவிஞன் பிரிந்து போனவனைப் புகழ்ந்து ஒரு வாழ்த்துப்பா பாடிவிட்டு நிற்கவில்லை. பொருளா, அன்பா என்று அவன் நெஞ்சு தடுமாறியதைப் பாடினான். வழியின் கொடுமையைப் பாடினான். வீட்டில் இருந்தவளின் சினத்தையும் பாடினான். பெருமை பேசுவதற்காக எழுதப்பட்டவை அல்ல அப்பாடல்கள். அதனால்தான் இன்றும் அவை நிற்கின்றன.

அத்திணை முடிந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் உரைநடையாக மாறி, செகந்தராபாத் ரயில்வே குடியிருப்பிலும், பம்பாயின் நெருக்கடி மிகுந்த அறைகளிலும், தில்லியின் அரசாங்க வீடுகளிலும், மலேயாக் கரையிலும் தொடர்ந்து எழுதப்பட்டு வந்திருக்கிறது. பழைய பாலைக்கு மாலை சூட்டுகிற நாம், புதிய பாலையின் பக்கங்களைப் பிரித்துப் பார்ப்பதுகூட இல்லை. இதுவே என் வழக்கு.

நம் முகம் தெரியும் பக்கங்கள்

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ 1977இல் வெளிவந்தது. அதன் நாயகன் சந்திரசேகரன், செகந்தராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகன். கிரிக்கெட்டில் பித்துக் கொண்ட மாணவன். நிஜாமின் ஆட்சி ஆட்டம் கண்டு, 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைந்த காலம் அவன் கண் வழியே விரிகிறது. முதலில் அஞ்சி வாழும் சிறுபான்மை அவனுடையது. பின்னர் காலம் மாறுகிறது. அஞ்ச வேண்டியவர்கள் மாறிவிடுகிறார்கள். கலவரத்தின் நடுவே ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடும் அவன் முன்னே, தன் வீட்டாரைக் காக்கும் பொருட்டுத் தன்னையே ஒப்படைக்க முன்வருகிறாள் ஓர் இளம்பெண். அவன் கூசிக் குறுகி ஓடுகிறான்.

பிற மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டிய பக்கம் தமிழில் மிகச் சிலவே உண்டு. நம்மை ‘மதராசி’ என்று எள்ளி நகையாடிய நாட்களை நாம் மறப்பதில்லை. 1966இல் தொடங்கிப் பம்பாயில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை நம் மூத்தோர் இன்னும் பேசுகிறார்கள். பேசுவது நியாயமே. ஆனால் நாம் பாதுகாப்பாக இருக்கிற வேளையில், நம் அருகில் அஞ்சி வாழ்பவன் யார் என்று கேட்கும் பண்பை நம் பிள்ளைகளுக்கு எந்தப் பட்டிமன்றம் கற்றுத் தரப்போகிறது? சந்திரசேகரனின் கூச்சம் அதைக் கற்றுத் தரும்.

ஆதவன் தில்லியில் அரசுப் பணி பார்த்துக்கொண்டே எழுதியவர். 1987இல், தம் நாற்பத்தைந்தாம் வயதில், சிருங்கேரி ஆற்றில் மூழ்கி மறைந்தார். சாகித்ய அக்காதெமி பரிசு அதன் பின்னரே அவரைத் தேடி வந்தது. அவருடைய ‘காகித மலர்கள்’ தில்லியில் வாழும் ஓர் உயர் அதிகாரியின் தமிழ்க் குடும்பத்தைக் காட்டுகிறது. அக்குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒரு வேடம் புனைந்திருக்கிறார்கள். அலுவலகத்துக்கு ஒரு முகம், விருந்துக்கு ஒரு முகம், ஊரிலிருந்து வரும் உறவினருக்கு ஒரு முகம். அந்நாவலைப் படிக்கும் தில்லித் தமிழர் ஒருவர், இது தம் அடுத்த வீட்டாரைப் பற்றியது என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். இருபது பக்கம் கடந்த பின் அப்படிச் சொல்ல அவருக்கு வாய் வராது.

நாஞ்சில் நாடன் எழுபதுகளின் தொடக்கத்தில் பிழைப்புக்காகப் பம்பாய் சென்றவர். ‘மிதவை’யில் வரும் சண்முகம் பட்டம் பெற்றும் வேலையின்றி, ஊரிலிருந்து சென்னைக்கும் சென்னையிலிருந்து பம்பாய்க்கும் மிதந்து செல்கிறான். படுக்க ஓரிடம், குளிக்கத் தண்ணீர், காலைக்கடனுக்கு ஒரு மறைவு: இவற்றுக்காக அவன் படும் பாடு, மணியார்டரை மட்டும் பார்த்த ஊருக்குத் தெரியாது. ‘எட்டுத்திக்கும் மதயானை’யின் பூலிங்கமோ சாதிப் பகையால் அடிபட்டு ஊரை விட்டு ஓடி, ஆந்திரம், கன்னடம், கோவா எனத் திரிந்து பம்பாயில் கரை ஒதுங்குகிறான். ஊரை விட்டு வந்தவர் எல்லாரும் பட்டமும் நியமன உத்தரவும் கையில் ஏந்தி வந்தவர்கள் என்று நம் மலர்களைப் படிப்பவர் எண்ணிக்கொள்ளக் கூடும். பூலிங்கத்துக்கு நம் உறுப்பினர் பட்டியலில் இடமில்லை. ஆண்டுச் சந்தா கட்ட அவனிடம் பணமும் இல்லை. அவனும் தமிழன்தான் என்பதை நாவல்தான் நமக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்னும் கதையில், ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட தென்னாட்டு மருமகள் ஒருத்தி, அவ்வளவு பெரிய வீட்டில் சமையலறை மட்டும் ஏன் இருண்டு சுருங்கிக் கிடக்கிறது என்று எண்ணத் தொடங்குகிறாள். நம் விழாக்களை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். மேடையில் பேசுவோர் பெரும்பாலும் ஆடவர். பந்தியில் பரிமாறுவோர் பெண்டிர். பண்பாட்டைக் காப்பவர்கள் என்று நாம் போற்றும் அப்பெண்டிரைப் பற்றி எழுதப்பட்ட கதையை, பண்பாடு பேசும் நாம் படித்திருக்க வேண்டாமா?

நாம் விட்டு வந்த ஊரையும் நாம் அறியோம் என்று சொல்கிறது இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர், 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்ட கொடுமையை அடியாகக் கொண்டு எழுதிய நாவல் அது. 1977ஆம் ஆண்டுக்கான சாகித்ய அக்காதெமி பரிசைப் பெற்றது. தில்லியிலிருந்து தஞ்சைச் சிற்றூருக்குச் சென்ற கோபாலும், அவனைத் தேடிச் செல்லும் அவன் நண்பன் சிவாவும் அங்கே கண்டது காவிரிக் கரையின் எழில் மட்டுமன்று. கூலி கேட்டவனின் குடிசை எரிவதையும் கண்டார்கள். நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் ‘நம்ம ஊர்’ தென்னந்தோப்பும் கோயில் குளமும் திருவிழாவும் மட்டுமே கொண்டது. அரைகுறை ஊர் அது. அரைகுறை ஊரின் மேல் பிள்ளைகளுக்கு அன்பு தங்காது. முதல் பயணத்திலேயே அது கலைந்துவிடும்.

இறுதியாகப் படித்தது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. 1972இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடானிலும் பினாங்கிலும் வாழ்ந்த தமிழரின் கதை. முன்னோர் பெருமை பேசியே வயிறு நிரம்பும் தமிழனை அந்நூல் போல் எள்ளி நகையாடிய தமிழ் நாவல் வேறு நான் அறியேன். சிங்காரம் மொத்தம் இரண்டே நாவல்கள் எழுதினார். அவை அச்சேறப் பல்லாண்டு காத்திருந்தார். பிறகு எழுதுவதையே நிறுத்திக்கொண்டு, 1997இல் மறைந்தார். கடல் கடந்த தமிழரின் காவியத்தை எழுதியவருக்குக் கடல் கடந்தவர்களும் வேங்கடம் கடந்தவர்களும் செய்த மரியாதை இவ்வளவே.

சொல்லப்படும் நியாயங்கள்

இவற்றைக் கேட்கும் அன்பர்கள் நான்கு மறுப்புகளைச் சொல்வதுண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நேரமில்லை என்பது முதலாவது. நாளொன்றுக்கு இருபது பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அரைமணி நேர வேலை. முப்பது நாளில் அறுநூறு பக்கம். நடுத்தர அளவில் மூன்று நாவல்கள். தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு நாம் நாள்தோறும் தருகிற அரைமணியை, ஆண்டில் ஒரே ஒரு மாதம் புத்தகத்துக்குத் தர முடியாதா? நேரமில்லை என்பவர் உண்மையில் சொல்வது விருப்பமில்லை என்பதையே. அதை நேராகச் சொன்னால் குறையொன்றுமில்லை. ஆனால் அப்படிச் சொன்னவர் அடுத்த விழாவில் தமிழுக்காக உயிர் கொடுப்பேன் என்று மேடையேறக் கூடாது. உயிர் பெரிது, கேட்பது அரைமணிதான்.

ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்பது இரண்டாவது. இருக்கிறது, அசோகமித்திரனும் அம்பையும் நன்றாகவே மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறார்கள். தமிழறியாத அண்டை வீட்டாருக்கு அவற்றை வாங்கிப் பரிசளிப்போம். ஆனால் நாஞ்சில் நாட்டுப் பேச்சும் பம்பாய் இந்தியும் ஒரே அறைக்குள் மோதுவதை ஆங்கிலத்தில் கேட்க முடியுமா? ஒரு தமிழ்க் குடும்பம் எந்தச் சொல்லை ஆங்கிலத்தில் சொல்கிறது, எந்த இடத்தில் திடீரென்று தமிழுக்கு இறங்குகிறது என்பதில்தான் ஆதவனின் கூர்மை இருக்கிறது. எல்லாமே ஆங்கிலமாகிவிட்ட இடத்தில் அந்த ஏற்ற இறக்கம் எப்படித் தெரியும்? மேலும், மூலத்தை வாங்குவாரில்லாத மொழியில் மொழிபெயர்க்க நூல் எங்கிருந்து வரும்?

பிள்ளைகளுக்குத் தமிழ் பேசத் தெரிகிறது, அது போதும் என்பது மூன்றாவது. இதுவே எல்லாவற்றிலும் ஆபத்தானது. எழுத்தறியாத தமிழ் நம் வீடுகளில் என்னவாகிறது என்று கவனியுங்கள். சாப்பிட்டாயா, குளித்தாயா, தூங்கு, எழுந்திரு என்பதோடு அது நின்றுவிடுகிறது. கோபம், காதல், ஐயம், நீதி, மரணம் ஆகியவற்றைப் பேச வேண்டிய வயது வரும்போது பிள்ளை வேறு மொழிக்குத் தாவிவிடுகிறான். தாய்தந்தையர் அவனுடைய உள்ளத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். மொழியிழப்பு என்று மேடையில் பேசுகிறோமே, அது இதுதான். அது எங்கோ நடப்பதன்று. நம் உணவு மேசையில் நடக்கிறது.

247 எழுத்துகள் என்று சொல்லிக் குழந்தையை அச்சுறுத்துபவரும் நாமே. அவற்றுள் 216 உயிர்மெய்கள், பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் சேர்ந்து பிறந்தவை. பள்ளியில் தேவநாகரி கற்ற பிள்ளைக்கு உயிர்க்குறி மெய்யோடு சேரும் முறை முன்பே தெரியும். இந்தியில் ககர வரிசைக்கே நான்கு எழுத்துகள் கற்றவனுக்குத் தமிழில் ஒன்று போதும். ஒரு கோடை விடுமுறையில் கற்றுவிடலாம். கற்பிக்க வீட்டில் ஒருவர் உட்கார வேண்டும், அவ்வளவே. பாட்டிமார் இருக்கும் வீடுகளில் அதற்கும் குறைவில்லை.

விழாக் காலத்தில் இத்தகைய கசப்பான நூல்கள் எதற்கு என்பது நான்காவது. நூல் என்பது நம்மைப் புகழ வேண்டும் என்று எந்த இலக்கணத்தில் இருக்கிறது? புகழ் மொழி மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, வெளியுலகில் முதல் இகழ்ச்சியைக் கேட்டவுடன் தமிழன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கப்படுவான். தன் மக்களின் அச்சத்தையும் அற்பத்தனத்தையும் அன்பையும் ஒருசேரப் படித்தறிந்த பிள்ளைக்கு அந்த வெட்கம் வராது. நம்மை முழுமையாக அறிந்தவனே நம்மோடு நிற்பான்.

செய்யத்தக்கவை

குறை கூறி முடிப்பது எளிது. ஆகவே மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, பொன்னாடை. ஓர் எழுத்தாளரை அழைக்கிறோம். ரயிலடிக்குச் சென்று வரவேற்கிறோம். மாலையிட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம். வரவேற்புரை ஆற்றுபவர் அவர் எழுதிய நூல்களின் பெயர்களைத் துண்டுச் சீட்டைப் பார்த்துப் படிக்கிறார். அரங்கில் அமர்ந்திருப்போரில் அவற்றை வாசித்தவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அப்பொன்னாடையின் விலைக்கு அவருடைய நூல் ஒன்றிரண்டு வாங்கலாம். அடுத்த விழாவிலிருந்து, வருகிற எழுத்தாளரின் நூலில் ஐம்பது படிகளை மூன்று மாதம் முன்னரே வாங்கி உறுப்பினர் வீடுகளுக்கு அனுப்புவோம். அவர் வருகிற அன்று நாம் கேள்வி கேட்போம். எந்த எழுத்தாளரும் பட்டுத் துணியைவிட ஒரு நல்ல கேள்வியையே அதிகம் விரும்புவார்.

இரண்டாவது, போட்டி. குழந்தைகளுக்குக் குறள் ஒப்புவிக்கும் போட்டி நடத்துகிறோம். நல்லதே. ஆனால் ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பொருளறியாமல் நெட்டுருச் செய்து பரிசு வாங்கும் குழந்தைக்கு வள்ளுவரும் கிடைக்கவில்லை, தமிழும் கிடைக்கவில்லை. அதனோடு ஒரு வாசிப்புப் போட்டியும் நடத்துவோம். கோடையில் ஒரு சிறுகதையைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்து, அதைப் பற்றித் தன் சொந்தச் சொற்களில் ஐந்து நிமிடம் பேசும் குழந்தைக்கு முதற்பரிசு. திக்கித் திணறிப் பேசினாலும் சரி.

மூன்றாவது, அலமாரி. சங்க நூலகங்களில் தானமாக வந்த நூல்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றிடையே, தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்த தமிழரைப் பற்றிய நூல்களுக்கென ஓர் அலமாரி ஒதுக்குவோம். மேலே சொன்ன ஏழு நூல்களிலிருந்து தொடங்கலாம். ஒவ்வோராண்டும் பத்து நூல்கள் சேர்ப்போம், பத்தாண்டில் நூறாகும். அதன் சாவி கோடை மாதம் முழுவதும் நூலகத்திலேயே, ஒரு பொறுப்பாளரின் கையிலேயே இருக்கட்டும்.

விழா மலர்களில் வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும் போக எஞ்சிய பக்கங்களில்தான் இலக்கியம் இடம் பிடிக்கிறது. அப்பக்கங்களையும் புரட்டாமலே மலரைப் பரணில் ஏற்றிவிடும் வழக்கமும் உண்டு. இவ்வரியை இம்மலரின் ஆசிரியர் குழுவினர் நீக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். இதுவரை படித்து வந்துவிட்ட அன்பரே, உங்களிடம் எனக்கு வழக்கில்லை. உங்கள் வீட்டில் தமிழெழுத்துத் தெரிந்த மற்றொருவர் இருந்தால், இன்றிரவு இக்கட்டுரையை அவரிடம் கொடுங்கள். அவர் என்னோடு முரண்படட்டும், படித்துவிட்டு முரண்படட்டும். தெரிந்தவர் ஒருவரும் இல்லையெனில், அடுத்த கோடை வரை காத்திராதீர்கள். நாளைக் காலையே அகரத்திலிருந்து தொடங்குங்கள்.